கையைக் கடிக்காத கேமரா

நான் வாழ்கிறேன் என்று சொல்லி அனுப்பிய வீடியோவில் ‘ழ’ சரியாகப் பதியவில்லை. அதனால் எனக்குப் பதிலாக வேறொருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதி அப்படித்தான். எங்கள் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் வருடத்துக்கு ஒரு முறை கேமரா முன்னால் நின்று, ‘நான் இன்னார், நான் இன்னும் வாழ்கிறேன்’ என்று தெளிவாகச் சொல்லி, வாழ்வோர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் கைப்பேசியில் எடுத்து அனுப்பினேன். என் பெயர் புகழும்பெருமாள். கைப்பேசி அதைப் ‘புகளும்பெருமாள்’ என்று பிடித்துக்கொண்டது. வாழ்கிறேன் என்றதை ‘வாள்கிறேன்’ என்று பிடித்துக்கொண்டது.

அந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே தயாராக இருந்திருக்கிறார். இப்படி ஒரு உச்சரிப்பு எங்கேயாவது தவறும் என்று பிறந்ததிலிருந்தே காத்துக்கொண்டிருந்தாராம். நான் பல் தேய்த்துவிட்டு வருகிறேன், என் நாற்காலியில் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறார். இடுப்பில் ஒரு வாள்.

“நீங்க யாரு?” என்றேன்.

“புகளும்பெருமாள். வாள்கிறேன்.”

“அப்படின்னா என்ன செய்யிதிய?”

உருவிக் காட்டினார். “இதைத்தான்.”

என் மனைவி ஆவுடை அடுக்களையிலிருந்து ஒரு முழுச் சேனைக்கிழங்கைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் அதை மேலே எறிந்தார். மின்விசிறிக்கும் தரைக்கும் நடுவில் வாள் ஒரு சுற்றுச் சுற்றியது. கிழங்கு தோல் நீங்கி, சதுரம் சதுரமாக, உப்புப் போட்ட தண்ணீருக்குள் போய் விழுந்தது. ஒரு துண்டுகூட வெளியே சிதறவில்லை. தோல் மட்டும் தானாக நடந்து குப்பைக்கூடைக்குப் போயிற்று.

“பாத்தியளா? எல்லாம் ஒரே அளவு” என்றாள் ஆவுடை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கிழங்கைப் பார்த்துச் சொன்னாள்.

புகளும்பெருமாள் வாளை என் துண்டில் துடைத்தார். “சாயங்காலம் ஆபீஸ் மூடுற வரைக்கும் நீங்களும் இந்த வீட்டு ஆளுதான். அதுக்குள்ள ‘ழ’வோட ஒரு வீடியோ குடுத்துட்டியன்னா நான் போயிருவேன். குடுக்கலைன்னா நீங்க போவணும்.”

“எங்க போவணும்?”

“அது நம்ம பொறுப்பு இல்ல, சார்வாள்.”

சார்வாள் என்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக்குச் சொல்வதுதான். ஆனால் அவர் அதைச் சொல்லும்போது பார்வை இடுப்புக்குப் போயிற்று.

நான் ஆவுடையைப் பார்த்தேன். “நீ என்ன சொல்லுதே?”

“நான் என்னத்தச் சொல்ல? வீட்டுக்கு ஒரு ஆளு வேணும். சீக்கிரம் போயி சத்தம் நல்லாக் கேக்குத மாதிரி ஒரு கேமரா வாங்கிட்டு வாங்க.” கதவுவரை வந்து, குரலைத் தாழ்த்தி, “கையைக் கடிக்காததாப் பாத்து வாங்குங்க” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஏதோ இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் கடைத்தெருவரை போனேன்.

கடைத்தெரு என்னைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கியது. வேலையில் இருந்தபோது நான் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வைக்கும் ஆய்வாளர். நான் ஒரு முறை முறைத்தால் இரண்டு கிலோப் படிக்கல் தானாக எடை கூடும். இதில் மிகை எதுவும் இல்லை. அல்வாக்கடைக்காரர் இன்னும் என்னைப் பார்த்தால் தராசைத் தூக்கிக்கொண்டு மாடியில் ஏறிவிடுவார். அவர் கடைக்கு மாடி கிடையாது.

ஞானதிரவியம் ஒளி ஒலி மாளிகை மட்டும் திறந்திருந்தது. ஞானதிரவியத்தால் ஷட்டரை இறக்க முடியாது. பத்து விரலிலும் கட்டுப் போட்டிருந்தார்.

“வாரும் வே இன்ஸ்பெக்டர்” என்றார். “எதை எடை போட வந்தீரு?”

“கேமரா வேணும். வீடியோ எடுக்கணும். சத்தம் துல்லியமா விழணும். கையைக் கடிக்கக் கூடாது.”

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருமே கட்டுப் போட்டவர்கள். அலமாரியில் இருந்த கேமராக்களும் சிரித்தன. அப்போதுதான் பற்களைப் பார்த்தேன்.

“விலை எழுதலியே” என்றேன்.

“எதுக்கு எழுதணும்? கையை விட்டுப் பாரும், தெரிஞ்சிரும்.”

வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவை பல் முளைக்காதவை. ஒன்றை எடுத்தேன். ஈறால் என் விரலைச் சப்பியது. கூச்சமாக, நன்றாகத்தான் இருந்தது. கட்டுப்படியாகும் விலை என்றால் இதுதான் என்று பூரித்துப் போனேன்.

“சோதிச்சுக்கிடும்” என்றார் ஞானதிரவியம். “வாழைப்பழம்னு சொல்லும்.”

“வாழைப்பழம்” என்றேன், லென்ஸைப் பார்த்து. பொத்தானைத் தட்டினார்.

‘வாளப்பளம்’ என்றது கேமரா. உடனே கடை முழுக்க மீன் நாற்றம். கல்லா மேஜையில் ஒரு வாளை மீன் துடித்தது. ஞானதிரவியம் அதை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே வீசினார். வெளியே ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது. நான்கைந்து பூனைகள் அதன்மேல் ஏறி நின்று ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தன.

“இதே குறைதான் என் ஃபோன்லயும்” என்றேன்.

“பிறகென்ன, உள்ள வாரும்.”

உள்ளே போனேன். விலை ஏற ஏறக் கடை நீண்டுகொண்டே போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டிக்கடை அளவுதான். உள்ளே நடந்தால் நடுவில் ஒரு டீக்கடை வந்தது. டீ ஆற்றியவர், “திரும்பிப் போறவங்க யாரும் கிளாஸைத் திருப்பித் தர்றதில்ல” என்று என்னைத் திட்டினார். நான் டீ குடிக்கவே இல்லை.

இரண்டாவது கேமராவுக்குப் பால்பல். லேசாகக் கடித்தது. ‘வாலைப்பலம்’ என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஒரு வால் முளைத்து ஆட்டியது. வாலுக்கு நல்ல பலம். என் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

மூன்றாவது சென்னையிலிருந்து வந்த மாடல். மணிக்கட்டுவரை கடித்துவிட்டு, ‘வாயப்பயம்’ என்றது. அவ்வளவுதான், கடையில் இருந்த எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. ஞானதிரவியம் மேஜைக்கு அடியில் போய்விட்டார். எனக்கு வாய் மட்டும் தனியாகப் பயந்தது. மற்ற அவயவங்கள் எல்லாம் திடமாகவே இருந்தன. வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று தேற்றினேன்.

“அதை அமத்தும் வே!” என்று ஒருவர் கத்தினார்.

கத்தியவர் கல்யாண வீடியோக்காரர். பெயர் சுடலைமுத்து. தோள்வரை இரண்டு கையும் போயிருந்தன. கேமரா கழுத்தில் தொங்கியது. மோவாயால் பொத்தானை அமுக்கினார். தொழிலில் நல்ல பெயர் எடுத்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

“சார்வாள், நான் ஒண்ணு சொல்லட்டா?” என்றார். “படம் கலங்கலா இருந்தாக்கூட சனங்க பாத்துருவாங்க. சத்தம் கோளாறா இருந்தா ஒருத்தன் உக்கார மாட்டான். போன தையில ஒரு விழா எடுத்தேன். ரெண்டாவது மாடல்ல. வந்தது விழா இல்ல, விலா. பொண்ணு மாப்பிள்ளை, தாலி, நாதஸ்வரம் ஒண்ணுமே இல்ல. முழுக்க விலா எலும்பு. ஆல்பம் போட்டுக் குடுத்தேன். டாக்டர்ட்ட காட்டிட்டு வந்து அடிச்சாங்க.”

“அப்ப ழ பிடிக்கிற கேமரா எது?”

சுடலைமுத்து இல்லாத கையால் கடையின் கோடியைக் காட்டினார். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கோடியில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு கேமரா. கறுப்பு. அதன் தலையில் இருந்த மைக்குக்கு மயிரில் ஒரு குல்லாய். காற்று பக்கத்தில் வந்தால் குல்லாய் சிலிர்த்துக்கொண்டு சீறியது. காற்று ஒதுங்கிப் போயிற்று. கேமரா வாயைத் திறந்தது. உள்ளே நாக்கு. சிவந்த, ஈரமான, நன்றாக மடங்கக் கூடிய நாக்கு.

“நாக்கு இருந்தாத்தான் வே ழ வரும்” என்றார் ஞானதிரவியம், மேஜைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து. “நாக்கு இருக்குற எடத்துல பல்லும் இருக்கும். பல்லு வேண்டாம், நாக்கு மட்டும் குடுன்னா எந்தக் கம்பெனிக்காரன் குடுப்பான்?”

“வாழைப்பழம்” என்றேன் கூண்டுக்கு வெளியே நின்று.

‘வாழைப்பழம்’ என்றது அது.

அடடா. நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் மடங்கி இறங்கிய சத்தம் கேட்டது. டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தினார். கடையில் நின்ற இருவர் பழம் சாப்பிட்ட மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர். அறுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு ழ காதில் விழுவது லேசில்லை.

“இது எவ்வளவு கடிக்கும்?”

“முழங்கை.”

“ஐயோ. மணிக்கட்டுக்கு முடியும்.”

“மணிக்கட்டுக்கெல்லாம் வராது வே. எனக்கே கட்டுப்படி ஆவாது. என் விரலைப் பாரும்.”

“என் பழைய ஃபோனை எடுத்துக்கிடும். அதுக்கு மேல ரெண்டு விரல்.”

“உம்ம ஃபோனுக்கு ழவும் இல்ல, பல்லும் இல்ல. அதை வச்சு நான் மீன் கடையா போட?”

“நான் தெரிஞ்ச ஆளு.”

“தெரிஞ்ச ஆளுன்னாலதான் முழங்கை. தெரியாத ஆளா இருந்தா தோளு.” சுடலைமுத்து தலையை ஆட்டி ஆமோதித்தார். ஞானதிரவியம் குரலை இறக்கினார். “வேணும்னா தவணையில எடுத்துக்கிடும். மாசா மாசம் வீட்டுக்கே வந்து கொஞ்சம் கொஞ்சமாக் கடிக்கும். வலி தெரியாது. தெருவுல பாதிப் பேரு அப்படித்தான் போட்டிருக்கான்.”

தவணை வேண்டாம் என்றேன். தினமும் காலண்டரைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க என்னால் முடியாது. கடைசியாக என் இடது சுண்டுவிரலை மேஜைமேல் வைத்தேன்.

“இதைப் பாரும். சாதாரணச் சுண்டுவிரல் இல்ல. முத்திரை வைக்கும்போது இந்த விரலைத்தான் தாங்கலுக்குக் குடுப்பேன். எத்தனை கல்லுக்குத் தாங்கினது தெரியுமா? எடை பாரும்.”

எடை பார்த்தார். தராசு தட்டோடு தரையில் போய் உட்கார்ந்தது. கடையில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஞானதிரவியத்தின் முகம் இருண்டது. என்மேல் இருந்த வெறுப்பு அத்தனையும் அந்த விரல்மேல் திரும்பியது.

“சரி, அதோட முடிச்சிக்கிடும்” என்றார். “பில்லு கேக்கக் கூடாது.”

கூண்டுக்குள் கை விட்டேன். மற்றபடி சொல்ல எதுவும் இல்லை. கேமரா நிதானமாக மென்றது. மெல்லும்போதும் சத்தம் துல்லியமாக இருந்தது.

கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கேமராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. புகளும்பெருமாள் என் சட்டையைப் போட்டிருந்தார். எனக்குத் தொளதொளவென்று இருக்கும் சட்டை. அவருக்குக் கச்சிதமாக இருந்தது. ஆவுடை அவருக்கு முறுக்கு வைத்திருந்தாள்.

“கடிச்சிட்டா?” என்றாள் துண்டைப் பார்த்து.

“கொஞ்சம்.”

“அதுக்குத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.” பஞ்சும் மஞ்சளும் கொண்டுவந்து அழுத்தினாள். தேவைக்கு மேல் அழுத்தினாள். “இவுகளுக்கு எதையும் கேட்டு வாங்கத் தெரியாது” என்று புகளும்பெருமாளிடம் சொன்னாள். அவர் முறுக்கை வாளால் உடைத்துக்கொண்டே தலையசைத்தார்.

கேமராவை முன்னறையில் ஸ்டூல்மேல் வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். ஒரு மனிதனுக்கு அமைதி தேவைப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் எங்கள் தெரு சும்மா இருக்காது. மூன்று வீட்டில் குக்கர் வைத்தார்கள். ஒருவர் பழைய ஸ்கூட்டரை வெளியே எடுத்து உதைத்தார். அவர் அந்த ஸ்கூட்டரை விற்று வெகுநாளாயிற்று. வெறும் காற்றை உதைத்தார். சத்தம் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் எதிர்வீட்டு ஆறுமுகநயினார். சென்ற ஆடியில் அவர் மிக்ஸியாக மாறிவிட்டார். அவர் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டேன்.

“அண்ணாச்சி, ஒரு நிமிஷம் ஓடாம இருங்க. ஒரே ஒரு வாக்கியம் பேசிக்கிடுதேன்.”

“சட்னி ஆவட்டும் வே” என்றார் ஆறுமுகநயினார், மூடி அதிர.

“என் வாழ்க்கைப் பிரச்சினை அண்ணாச்சி.”

“மிக்ஸிக்குப் பென்சன் உண்டா?”

“இல்ல.”

“அப்ப எனக்கென்ன? நான் நின்னா என்னைக் கழுவிக் கவுத்திருவாங்க. போம் வே.” முழு வேகத்துக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தேன். கேமராவின் குல்லாய் சிலிர்த்து நின்றது. அது ஒரு தடவை தெருவைப் பார்த்து உறுமியது. குக்கர்கள் விசிலைப் பாதியில் விழுங்கின. ஸ்கூட்டர்க்காரர் காலைத் தூக்கியபடியே நின்றார். எதிர்வீட்டில் தேங்காய் அரைபடாமல் சுற்றுவது மட்டும் மெல்லத் தேய்ந்து அடங்கியது.

கடித்த விரலுக்கு வேலை செய்தது, சொல்லாமல் இருக்க முடியாது.

நிமிர்ந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். நாக்கை மடித்து இரண்டு முறை பழகிக்கொண்டேன்.

“நான் புகழும்பெருமாள். நான் இன்னும் வாழ்கிறேன்.”

கேமரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. பதிந்துவிட்டது.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாழ்வோர் அலுவலகம் மூடப் போகிற நேரம். வராந்தாவில் ஏறி வேகமாக நடந்தேன். வராந்தா நீண்டது. இன்னும் வேகமாக நடந்தேன். இன்னும் நீண்டது. கோடியில் இருந்த அறை பட்டாணி அளவுக்குப் போய்விட்டது.

காவலர் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார். “நடக்காதேயும்யா! நீர் நடக்க நடக்கத்தான் இது நீளுது. நாங்கதான ராத்திரி பெருக்கணும்? பேசாம நில்லும்.”

நின்றேன். அறை பக்கத்தில் வந்தது. உள்ளே போனேன்.

ஒரே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் அதிகாரி அம்மாள். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். நான் வணக்கம் சொன்னேன்.

“வாயால சொல்றதை நான் கேக்குறதில்லை” என்றார். “பதிஞ்சதைக் குடுங்க.”

கேமராவை மேஜைமேல் வைத்தேன். வயரைச் செருகினார். கேமரா அவரைக் கடிக்கவில்லை. அரசாங்கத்தைக் கடிப்பதில்லை போலிருக்கிறது. அவர் கண்ணை மூடினார். அவர் உதடு மட்டும் அசைந்தது. புகழும்பெருமாள். வாழ்கிறேன்.

“ழ சுத்தமா இருக்கு” என்றார்.

எனக்குக் கால் தரையில் படவில்லை. இது உவமை இல்லை. ஒரு சாண் உயரம் எழும்பினேன். காவலர் தோளைப் பிடித்து அமுக்கினார்.

“ரெண்டு ழவும் சுத்தம்” என்றார் அதிகாரி. “ஆனா பின்னாடி ஒரு சத்தம் இருக்கே.”

“தெருவையே அமத்திட்டேனே மேடம்.”

“தெரு இல்ல. வீடு.” ஒரு திருகைத் திருகினார். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அறை முழுக்கக் கேட்டது.

அடுக்களை. எண்ணெய் காயும் சத்தம். கரண்டி. பிறகு ஆவுடையின் குரல். நான் முன்னறையில் நின்று முழங்கியபோது அவள் உள்ளே புகளும்பெருமாளிடம் மெதுவாகப் பேசியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. கேமராவுக்குக் கேட்டிருக்கிறது.

‘வாழுதாராம்ல. செத்த வீட்டுத் துஷ்டிக்குப் போயி தலையைக் காட்டிட்டு வாங்கன்னா முட்டு வலிங்காரு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டா பத்திரிகைல பேரு பிந்திப் போட்டிருக்காங்காரு. ஒரு சினிமாக் கிடையாது, ஒரு ஊரு கிடையாது. சும்மா இருக்காரு. அதை வாழுததுன்னு நெஞ்சை நிமுத்திச் சொல்லுதாரு பாருங்க.’

ஆவுடை பேச்சில் ழ சொல்லி நான் கேட்டதே கிடையாது. அவளுக்கு வாழை வாளைதான், மழை மளைதான். கேமரா அவளிடம் இல்லாத ழவையும் தேடிப் பிடித்துப் பதிந்திருந்தது. அத்தனை நல்ல கேமரா.

“இது யாரு?” என்றார் அதிகாரி.

“எங்க வீட்டுக்காரி.”

“உங்களைத் தினம் பாக்குறவங்களா?”

“ஆமா.”

“அவங்களுக்குத் தெரியாம நீங்க வாழ முடியாது.” காவலரைப் பார்த்தார். காவலர் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார். “உங்க கேமரா உங்களைவிட அவங்களைத் தெளிவாப் பிடிச்சிருக்கு. அவங்க சொல்றதைத்தான் எடுத்துக்க முடியும். நீங்க வாழல. இருக்கீங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?”

“ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வார்த்தை?”

தராசு விஷயமாக எதுவும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

“அப்ப நான் வீட்டை விட்டுப் போவணுமா?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

“யாரு போகச் சொன்னா? வாழ்ற இடம் அவருக்கு. இருக்குற இடம் உங்களுக்கு. ரெண்டும் ஒரே வீட்டுலதான். வாழ்றவரு போவாரு, வருவாரு. நீங்க இருங்க. அடுத்த ஆளு!”

அடுத்த ஆள் யாரும் இல்லை. ஆனாலும் யாரோ என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

கேமராவை அலுவலகமே எடுத்துக்கொண்டது. சாட்சிகளைத் திருப்பித் தருவதில்லையாம்.

நான் வீட்டுக்கு வந்தபோது ஆவுடை பட்டுச்சேலையில் நின்றாள். தலையில் பிச்சிப்பூ. அந்தச் சேலையை நான் பீரோவுக்குள்தான் பார்த்திருக்கிறேன். புகளும்பெருமாள் என் வேட்டியில், என் செருப்பில், என் குடையோடு தயாராக நின்றார். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

“என்ன சொன்னாங்க?” என்றாள், தெரியாதவள் மாதிரி.

“இருக்கேன்னு சொல்லிட்டாங்க.”

“பிறகென்ன, நல்லதாப் போச்சு.” சேலை மடிப்பைச் சரிசெய்தாள். “இன்னைக்கு ஒரு கல்யாண வரவேற்பு, ஒரு காதுகுத்து, ரெண்டு துஷ்டி. அப்படியே பொருட்காட்சியும் பாத்துட்டு வந்திருதோம். நீங்க இருங்க.”

“ராத்திரிச் சாப்பாடு?”

“இருக்கவங்களுக்குப் பசிக்காதுல்லா?”

உண்மைதான். பசிக்கவில்லை.

சோபாவில் உட்கார்ந்தேன். அவர்கள் படி இறங்கினார்கள். புகளும்பெருமாள் வாளால் வாசல் வேப்பங்கிளையை ஒதுக்கி அவளுக்கு வழி செய்தார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்தக் கேமராவும் இல்லாமல் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. முதல் தடவையாக விரல் வலித்தது. இல்லாத விரல்தான். நன்றாக வலித்தது.

இருந்தேன். வேறு வேலை இல்லாததால் இருந்துகொண்டே இருந்தேன். இதில் நான் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஜில்லாவிலேயே என்னளவுக்கு இருக்கக் கூடியவர் கிடையாது. ஈக்கள் வந்து பார்த்துவிட்டு, கலைக்க மனமில்லாமல் போயின.

வெகுநேரம் கழித்துக் கதவு படாரென்று திறந்தது. ஆவுடை. பூ கசங்கியிருந்தது. செருப்பைக் கழற்றி ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் எறிந்தாள்.

“எங்க அவரு?” என்றேன்.

“அந்தாளு தெருமுனை தாண்டல. அதுக்குள்ள பதினாறு பேருட்ட நின்னு பேசியாச்சு. ஒவ்வொருத்தன் மாமனார் சுகத்தையும் கேக்காரு. துஷ்டி வீட்டுல என்னைவிடச் சத்தமா அளுதாரு. காதுகுத்துல மடியில பிள்ளையை வச்சிக்கிட்டு, என் காதையும் இன்னொரு தடவ குத்தணும்ங்காரு. நடக்காரு, நிக்காரு, சிரிக்காரு, திரும்ப நடக்காரு. எப்பா!” பட்டுச்சேலையால் முகத்தைத் துடைத்தாள். “வாளுதவங்ககூட ஒரு மனுசி காலம் தள்ள முடியுமா? அவரே போயி எல்லாத்தையும் வாள்ந்துட்டு வரட்டும்.”

“பொருட்காட்சி?”

“வாயை மூடுங்க.”

மூடினேன். அவள் என் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் கை.

“தள்ளி இருங்க.”

தள்ளி இருந்தேன்.

“இன்னும்.”

“சுவரு வந்திட்டு, ஆவுடை.”

“சுவரைத் தள்ளுங்க.”

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சுவர் நகர்ந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டது. அவர்கள் எங்கள் குடும்பத்தை நான்கு தலைமுறைக்குப் பெயர் சொல்லித் திட்டினார்கள். ஆவுடை சுவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அடங்கினார்கள்.

பிறகு கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். இடம் சரியாக இருந்தது.